சான்றும் கெடாமல் காசும் கரையாமல் உரம் போட: தாம்பரம் பக்கத்து வீடுகளுக்குச் சில குறிப்புகள்

தாம்பரம், சேலையூர், முடிச்சூர்ப் பக்கம் குடியிருக்கும் பலருக்கு மாடியில் பத்துப் பதினைந்து பைகளும், மதுராந்தகம், திருப்போரூர்ப் பக்கம் சொந்த ஊரில் கொஞ்சம் நிலமும் இருக்கும். அங்ககச் சான்று வாங்கலாம் என்று நினைத்தவுடன் மலைப்பாக இருப்பது உரச் செலவுதான். பார்க்கப்போனால் சான்றுக்கு ஒத்துவரும் பொருள்களில் பாதி நம் தெருவிலேயே கிடைக்கிறது. கடையில் காசு கொடுத்து வாங்கும்போதுதான் ஆகாத சாமான் நுழைகிறது.

1. மூட்டையில் 'ஆர்கானிக்' என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தரம் சரியாக இருப்பது வேறு, என்.பி.ஓ.பி. எனப்படும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின்படி ஏற்கப்பட்ட இடுபொருளாக இருப்பது வேறு. கடைக்காரரிடம் ஒப்புதல் சான்றின் நகலைக் கேளுங்கள், அது எந்தத் தேதிவரை செல்லும் என்றும் பாருங்கள். காட்டத் தயங்கினால் அந்த மூட்டை நமக்கு வேண்டாம்.

2. சொந்த மாட்டுச் சாணம், சொந்த வைக்கோல், சொந்தத் தழை இவற்றுக்குக் கேள்வி குறைவு. வெளியிலிருந்து எது வந்தாலும் வாங்கும் முன்பே சான்றளிப்புத் துறை ஆய்வாளரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். மண்ணில் போட்டபின் கேட்டால் யாராலும் உதவ முடியாது.

3. ஒருவருடப் பயிர் நிலத்துக்குப் பொதுவாக 2 ஆண்டு, மா, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டு மாறுதல் காலம். நடுவில் 'இந்த ஒரு தடவை' என்று யூரியா தூவினால் காத்திருந்த நாளெல்லாம் வீண், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். நிலத்தைப் பார்த்துக்கொள்பவரிடமும் இதை அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

4. தென்னை நார்க்கழிவை மட்க வைக்கும் வழக்கமான முறையில் டன்னுக்கு 5 கிலோ யூரியா சேரும். சான்று வேண்டுபவர்கள் யூரியாவை விட்டுவிட்டு, சிப்பிக்காளான் வித்தோடு சாணக்கரைசலும் அசோலாவும் சேர்த்து மட்க வைக்கலாம், கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும். கடையில் வாங்கும் நார்க்கழிவுக் கட்டியானால் எப்படி மட்கியது என்று கேளுங்கள். மாடிப் பைக்கு என்றாலும் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிந்தால்தான் உப்பு போகும்.

5. தெருமுனை இஸ்திரிக் கடையில் தினமும் கரிச் சாம்பலைக் கொட்டத்தான் போகிறார்கள், ஒரு டப்பா கொடுத்து வைத்தால் சாம்பல்சத்து இலவசம். கலப்படமில்லாத மரக்கரிச் சாம்பலாக இருக்கட்டும், பெயின்ட் அடித்த மரம் எரித்தது கூடாது. பச்சைச் சாணத்தோடு மட்டும் கலக்காதீர்கள், தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும்.

6. புண்ணாக்கை மரச்செக்குக் கடையில் வாங்குங்கள், ரசாயனம் விட்டு எண்ணெய் பிரித்த சக்கை என்ற சந்தேகமே வராது. கடலைப் புண்ணாக்கை மாட்டுக்கு விட்டுவிட்டு, மண்ணுக்கு வேப்பம் புண்ணாக்கு போடுவதுதான் சிக்கனம். ஆமணக்குப் புண்ணாக்கும் நல்ல உரமே, ஆனால் அதில் ரிசின் என்ற நஞ்சு உண்டு. நாயும் மாடும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

7. கோழி எரு மலிவு என்று லாரியில் இறக்கிவிடாதீர்கள். கூண்டுக்குள் ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பண்ணை எரு சான்று நிலத்துக்கு ஆகாது. ஊரில் மேய்ந்து வளரும் கோழியின் எருவானாலும் மட்கவைத்தே போடுங்கள்.

8. ஆனி, ஆடியில் நம் தெரு வேப்பமரங்களின் அடியில் பழம் உதிர்ந்து மிதிபடுகிறது. பொறுக்கிச் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டிவைத்தால் பூச்சிமருந்து தயார். பருப்பை இடித்து 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, மாலை வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள். அன்றன்றைக்குக் கரைப்பதுதான் பலன் தரும்.

9. இலையில் மருந்து ஒட்டுவதற்குத் துணி துவைக்கும் பவுடரைக் கலப்பவர்கள் உண்டு, சான்றுக்கு அது ஆகாது. காதி சோப்புச் சீவலோ பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரோ போதும்.

10. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, ரைசோபியம் எல்லாம் அரசு வேளாண் விரிவாக்க மையத்திலேயே மலிவாகக் கிடைக்கும். விலையைவிடத் தேதியை முதலில் பாருங்கள், காலம் கடந்த பொட்டலத்தில் வெறும் பொடிதான் மிச்சம். வாங்கியதை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காமல், மட்கிய எருவில் கலந்து ஈரமண்ணில் இடுங்கள்.

11. ரோஸ், பச்சை என்று சாயம் பூசிய விதை பூஞ்சைமருந்து ஏறிய விதை, சான்று நிலத்துக்கு வேண்டாம். மருந்து ஏற்றாத விதையாகக் கேட்டு வாங்கி, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் அல்லது 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி புரட்டி விதையுங்கள்.

12. ஜீவாமிர்தத்துக்கு 200 லிட்டர் டிரம் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். 20 லிட்டர் வாளிக்கு 1 கிலோ சாணம், 1 லிட்டர் கோமியம், 200 கிராம் வெல்லம், 200 கிராம் பயறுமாவு, ஒரு பிடி தோட்ட மண். கறுத்துக் கசிந்த வெல்லத்தைக் கடைக்காரர் விலை குறைத்தே தருவார், வெளுத்த வெல்லத்தைவிட அதுவே நல்லது.

13. மீன் சந்தையில் செதிலும் குடலும் சும்மாவே கிடைக்கும். அதே எடை வெல்லத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் மூன்று வாரம் மூடிவைத்தால் மீன் அமிலம், லிட்டருக்கு 10 மில்லி போதும். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யா என்றால் 10 லிட்டருக்கு 300 மில்லி. இரண்டுக்கும் டானிக் பாட்டில் விலை கிடையாது. 'உடனே பூக்கும்' என்று விற்கும் டானிக்கில் செயற்கை வளர்ச்சி ஊக்கி இருந்தால் சான்றும் போய்விடும்.

14. சூப்பர் பாஸ்பேட் அமிலம் சேர்த்துத் தயாரிப்பது, அனுமதி இல்லை. அதற்குப் பதில் பாறை பாஸ்பேட்டை எருக்குழியிலேயே தூவி, பாஸ்போபாக்டீரியாவோடு மட்க வைத்தால் மணிச்சத்து நன்றாகக் கரையும். வேர்க்கடலைக்கு ஜிப்சம் வாங்கும்போது சுரங்கத்தில் வெட்டிய இயற்கை ஜிப்சமா என்று கேளுங்கள். உரத் தொழிற்சாலைக் கழிவாக வரும் ஜிப்சமும் சந்தையில் உண்டு.

15. ஊர் ஏரி வண்டல் அருமையான எரு. வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் இலவசமாக எடுக்கலாம், வண்டிக்கூலி மட்டும்தான் செலவு. ஆனால் சாக்கடை கலக்கும் நம் புறநகர் ஏரிச் சேறு வேண்டாம். பல்லாவரம், குரோம்பேட்டையில் பழைய தோல் பதனிடும் இடத்து மண்ணும் வேண்டாம், மாடிப் பைக்குக்கூட. செம்மண் லாரிக்காரரிடம் எங்கே வெட்டியது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

16. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையச் சேறும், செப்டிக் டாங்க் லாரிக் கழிவும் சான்று நிலத்தில் இறங்கவே கூடாது. நகர்க்குப்பை உரமானால், வீட்டிலேயே தரம் பிரித்த குப்பையில் செய்தது, கன உலோகப் பரிசோதனை ஆனது என்று தாள் இருந்தால் மட்டும் ஆய்வாளரிடம் கேளுங்கள்.

17. நெல்லுக்கு முன்னால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூவெடுக்கும் சமயம், சுமார் 45 நாளில், மடக்கி உழுதால் தழைச்சத்துக்கு மூட்டை தூக்க வேண்டாம். வரப்பில் கிளைரிசிடியா நட்டால் வேலியும் ஆச்சு, தழையும் ஆச்சு.

18. காலி எண்ணெய் டின்னுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வெள்ளை ஈ தானே ஒட்டும். கடையில் ஒட்டும் அட்டை வாங்குகிற காசு மிச்சம்.

19. தெளிப்பானைப் பக்கத்து வயலில் இரவல் வாங்காதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பழைய மருந்து போதும், நம் கீரையில் மிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்து வயல்காரர் மருந்தடிப்பவர் என்றால், வரப்போரம் உயரமான தடுப்புப் பயிர் கட்டாயம்.

20. வாங்கிய ரசீது, மூட்டை லேபிள், போட்ட தேதி, அளவு நான்கையும் பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றில் ஒட்டி எழுதி வாருங்கள். ஆய்வாளர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். சந்தேகங்களுக்கு, மின்சார ரயிலில் பொத்தேரி, காட்டாங்கொளத்தூர்ப் பக்கம் இருக்கும் கட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை ஒருநடை எட்டிப் பார்க்கலாம்.

21. ஏற்றுமதி எண்ணமில்லை, அக்கம்பக்கத்தில் விற்றால் போதும் என்பவர்களுக்கு பி.ஜி.எஸ். இந்தியா என்ற பங்கேற்புச் சான்று இருக்கிறது. ஒரே பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் ஐந்து விவசாயிகள் சேர்ந்தாலே குழு ஆரம்பித்து, ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்லலாம். ஆடிப்பட்டத்துக்கு முன்பே உங்கள் ஊர்க்காரர்கள் நான்கு பேரிடம் பேச்சைத் தொடங்குங்கள்.