நிரலுக்கும் வேண்டும் இன்டர்லாக்கிங்

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் ஜாவாஸ்கிரிப்ட் எழுதிப் பிழைக்கிறார்கள். ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்த எனக்கு அதில் பழகிய விஷயம் ஒன்று தென்பட்டது.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் கேபினில் லீவர்கள் வரிசையாக நிற்கும். பாயிண்ட் பொருந்திப் பூட்டிக்கொள்ளாமல் சிக்னல் லீவரை இழுக்கவே முடியாது. ஆள் மறந்தாலும் இரும்பு மறக்காது. அதுதான் இன்டர்லாக்கிங். இன்று கம்ப்யூட்டர் அந்த வேலையைச் செய்தாலும் கொள்கை அதேதான்.

ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை 1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதினார். தாராள மனம் கொண்ட மொழி! 'பாக்கி பூஜ்யமா?' என்று கேட்க மூன்று சமக்குறி (===) போட வேண்டும். கைதவறி ஒன்றே ஒன்று (=) போட்டால் கேள்வி கட்டளையாகி, பாக்கியே பூஜ்யமாகிவிடும். மொழி வாய் திறக்காது. சந்தா கணக்கில் இப்படி நேர்ந்தால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதே அழிந்துபோகும்.

நிரலை ஓட்டாமலே படித்து இத்தகைய தவறுகளைச் சுட்டும் கருவிக்கு லின்ட் என்று பெயர். துணியில் ஒட்டும் பஞ்சுத் தூசி என்று பொருள். பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் சி மொழிக்காக முதல் லின்ட்டை எழுதினார். ஜாவாஸ்கிரிப்டுக்கு ஈஎஸ்லின்ட் உண்டு; 2013இல் நிக்கோலஸ் ஜாக்கஸ் தொடங்கியது. பயன்படாத மாறிகளைக் காட்டும். ஒரு ஃபங்ஷனில் கிளைகள் மிகுந்து சிக்கலானால் அதையும் எண்ணிச் சொல்லும். எல்லையை நாமே வைக்கலாம்.

கருவி இருந்தால் போதாது. 'நேரம் கிடைத்தால் ஓட்டிப் பார்' என்றால் ஒருவரும் பார்ப்பதில்லை. கிட்டில் மாற்றத்தைப் பதியும்போதே ஈஎஸ்லின்ட் தானாக ஓடும்படி ஹஸ்கி என்ற சிறு கருவியால் அமைக்கலாம். பிழை இருந்தால் பதிவு நின்றுவிடும். அவசரக்காரர்கள் ஒரு சொல் சேர்த்து இதைத் தாண்டிவிட முடியும். ஆகவே பொது சர்வரிலும் அதே சோதனை ஓடி, தேறாததை முதன்மை நிரலில் சேரவிடாமல் தடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது பூட்டுதான் முக்கியம்.

பழைய நிரலென்றால் முதல் நாளே எச்சரிக்கைகள் கொட்டும். மிரண்டு எல்லாவற்றையும் அணைத்துவிடாதீர்கள். விதிகளை ஒவ்வொன்றாக இறுக்குங்கள்.

ஒன்று கவனியுங்கள். பாயிண்ட் பூட்டியிருக்கிறதா என்றுதான் இன்டர்லாக்கிங் பார்க்கும். வண்டி போக வேண்டிய ஊர் அதற்குத் தெரியாது. அதுபோல, சந்தா 500 ரூபாய் என்பதை 50 என்று எழுதினாலும் ஈஎஸ்லின்ட் தலையாட்டிவிடும். அதைப் பிடிக்க, கணக்கின் விடையைச் சரிபார்க்கும் சோதனை நிரல்களைத் தனியே எழுதி, அதே சர்வரில் சேர்த்து ஓட்ட வேண்டும்.