துப்புரவு ஒப்பந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

'சுத்தம் சோறு போடும்' என்பது நம் முன்னோர் மொழி. இது வீட்டிற்கு மட்டுமன்று, தொழிலுக்கும் பொருந்தும். மேசை பிசுபிசுக்கும் உணவு விடுதிக்குள் யாரும் இரண்டாம் முறை நுழைவதில்லை. ஆகவேதான் கடை, மருத்துவமனை, திருமண மண்டபம், அலுவலகம் எனப் பல இடங்களிலும் துப்புரவுப் பணி ஒப்பந்த நிறுவனங்களிடம் விடப்படுகிறது. நம்மில் சிலர் நாளை தொழில் தொடங்கலாம். சிலர் அலுவலகத்தில் டெண்டர் பிரிக்கும் இடத்தில் அமரலாம். அப்போது நம்பத்தக்க நிறுவனத்தை எவ்வாறு கண்டுகொள்வது? மூன்று கேள்விகள் போதும் என்பது என் கருத்து.

முதற் கேள்வி: கூலிக் கணக்கு சரியா?

குறைந்த தொகை கேட்பவருக்கே வேலை என்பது பொதுவான வழக்கம். இதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கடைக்கு 6 பணியாளர்கள் தேவை. நாட்கூலி 500 ரூபாய். மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். கூலி மட்டும் 78,000 ரூபாய் ஆகிறது. வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதமும், தொழிலாளர் அரசு காப்பீட்டுக்கு 3.25 சதவீதமும் முதலாளியின் பங்காகச் செலுத்தினால் மேலும் 11,895 ரூபாய். ஆக 89,895 ரூபாய். துடைப்பம், பினாயில், மேற்பார்வை, இலாபம் ஆகியவை இதற்கும் மேல். இந்நிலையில் ஒருவர் 75,000 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்றால், அந்தக் குறைவு எங்கிருந்து வரும்? கூலியில் பிடித்தம் இருக்கும். அல்லது ஆறு பேர் பெயரைக் காட்டி நால்வரை அனுப்புவார். இரண்டிலும் இழப்பு நமக்கே. கூலி சரியாகக் கிடைக்காத ஆள் நிலைக்கமாட்டார். மாதந்தோறும் புதிய ஆள் வந்தால் வேலை படியாது.

ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த முதன்மை நிறுவனமே தரவேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இப்பொறுப்பு இடம்பெற்றுள்ளது. ஆகவே வைப்பு நிதி செலுத்திய இரசீதையும் வங்கிவழிக் கூலிப் பட்டியலையும் மாதந்தோறும் கேட்டுப் பெறுவது நலம்.

இரண்டாம் கேள்வி: மருந்துகளின் தன்மை தெரியுமா?

துப்புரவு என்பது பாதி வேதியியல். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிடையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு வெளிப்படும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியம் போர்முனையில் ஜெர்மானியப் படை ஏவிய நச்சு வாயு இதுவே. சலவைக்கல் தரை கால்சியம் கார்பனேட்டால் ஆனது. ஆசிட் பட்டால் நுரைத்து அரிபடும், பளபளப்பு மீளாது. 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 1 பங்குடன் 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.1 சதவீதக் கிருமிநாசினி கிடைக்கும். ஆனால் அழுக்கின் மேல் அதை ஊற்றினால் அதன் ஆற்றல் அழுக்கிலேயே செலவாகிவிடும். முதலில் சோப்பு நீரால் கழுவ வேண்டும்; பிறகு மருந்து சில நிமிடங்களேனும் ஈரமாக நிற்க வேண்டும். இவற்றை நிறுவனத்தின் மேற்பார்வையாளரிடமே கேட்டுப் பாருங்கள். கழிப்பறைத் துடைப்பானும் சமையலறைத் துடைப்பானும் வேறு வேறா என்றும் கேளுங்கள். விழித்தால் வேறிடம் பார்க்கலாம்.

என் தாயார் ஒரு வணிக நிறுவனத்தில் துப்புரவு வேலை செய்தே என்னைப் படிக்க வைக்கிறார். அங்கே கையுறை கேட்டால் 'அடுத்த மாதம்' என்பதே பதில். நம் ஆய்வுக்கூடத்தில் அமிலப் புட்டியைத் தொடும் முன் நமக்கு எத்தனை எச்சரிக்கைகள்! அதே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அவர் வெறுங்கையோடு கையாள்கிறார். பணியாளரின் கைகளைப் பார்த்தாலே நிறுவனத்தின் தரம் தெரிந்துவிடும் என்பதை நான் நூலில் படித்து அறியவில்லை.

மூன்றாம் கேள்வி: குழிக்குள் ஆளை இறக்குவார்களா?

கழிவுநீர்த் தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு மிகுந்தால் மூக்கின் மோப்ப உணர்வே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று இறங்குபவர் அங்கேயே மயங்கி விழுவார். காப்பாற்றக் குதிப்பவரும் மடிவதுண்டு. பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நேரடியாக மட்டுமன்றி, மறைமுகமாக ஈடுபடுத்துவதும் குற்றமே. எனவே 'ஒப்பந்தக்காரர்தான் இறக்கினார்' என்று சொல்லி முதலாளி தப்ப இயலாது. இவ்வாறு இறப்போர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. உறிஞ்சு லாரி கொண்டே வேலை நடக்கும் என்று எழுதித் தரும் நிறுவனத்தையே ஏற்க வேண்டும்.

இம்மூன்றிலும் தேறியவர் ஏற்கெனவே வேலை செய்யும் இடத்திற்குச் சொல்லாமல் ஒருநாள் சென்று, மாடிப்படி மூலையையும் கழிப்பறைக் கதவின் பின்புறத்தையும் பாருங்கள். ஒரு மாதம் சோதனையாக வைத்துப் பாருங்கள். எந்த அறை, எத்தனை முறை, எந்நேரம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

தன் ஆட்களுக்கு நாணயமாக நடப்பவரே நமக்கும் நாணயமாக நடப்பார். நாளை டெண்டர் உறையைப் பிரிக்கும் நண்பர்களே, கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பாராதீர்கள். அத்தொகைக்குள் எத்தனை பேருடைய கூலியும் உயிரும் அடங்கியிருக்கின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள்.