இதய அறுவை சிகிச்சைக்குப் பின் வைட்டமின் டி: எதற்காக, எவ்வளவு?

அறுவை சிகிச்சை முடிந்து முதல் மறுபரிசோதனைக்கு வரும் குடும்பத்தினர் பலர், தையல் ஆறியதா என்பதற்கு அடுத்தபடியாக ஒரு ஆய்வக அறிக்கையை எங்களிடம் நீட்டுகின்றனர். அதில் வைட்டமின் டி என்ற வரிக்கு நேரே 14 என்றோ 17 என்றோ எண் இருக்கும். பக்கத்தில் ‘குறைவு’ என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கும். “இதனால் இதயத்துக்கு ஏதும் ஆபத்தா டாக்டர்?” என்று கேட்கின்றனர். அந்தக் கேள்விக்கு உரிய விடையை இங்கே சற்று விரிவாகத் தருகிறோம்.

முதலில் அந்த எண்ணைப் பற்றி. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் இத்தனை நானோகிராம் என்பது அதன் பொருள். 20-க்குக் கீழ் குறைபாடு என்றும், 30-க்கு மேல் போதுமானது என்றும் பெரும்பாலான ஆய்வகங்கள் அச்சிடுகின்றன. 30 என்ற எல்லையை 2011-இல் பரிந்துரைத்த அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி, 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதைத் தானே கைவிட்டுவிட்டது. ஆகவே 27 என்ற எண்ணைக் கண்டு உறக்கம் இழக்க வேண்டியதில்லை. 9 அல்லது 10 என்றால் அது கவனிக்கப்பட வேண்டியதே.

எப்போது எடுத்த இரத்தம் என்பதும் முக்கியம். இதயத்தை நிறுத்தி அறுவை செய்யும்போது இரத்த ஓட்டத்தை இதய நுரையீரல் இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. அந்த இயந்திரத்தின் குழாய்களை நிரப்பியுள்ள திரவம் நோயாளியின் இரத்தத்தோடு கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. அறுவையால் உடலில் எழும் அழற்சியும் இந்த வைட்டமினைச் சுமந்து செல்லும் புரதத்தைக் குறைத்துவிடுகிறது. இதனால் அறுவைக்கு அடுத்த சில நாட்களில் எடுக்கும் பரிசோதனையில் அளவு உண்மையைவிடத் தாழ்ந்தே தெரியும். அந்த நாட்களின் அறிக்கையை மட்டும் வைத்து நாங்கள் எந்த முடிவும் எடுப்பதில்லை.

இனி இதயத்துக்கு வருவோம். வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது அதிகம் என்று சில ஆய்வுகள் கூறியது உண்மை. ஆனால் நெடுநாள் நோயுற்று வீட்டுக்குள்ளேயே கிடந்தவருக்கு வெயில் படாததால் வைட்டமினும் குறையும்; நோயின் கடுமையால் இதயமும் தொல்லை தரும். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தி 2019-இல் முடிவு வெளியான வைட்டல் ஆய்வில், நாள்தோறும் 2,000 யூனிட் வைட்டமின் டி எடுத்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அவர்கள் இதய அறுவை செய்துகொண்டவர்கள் அல்லர். எனினும் இந்த மாத்திரை இதயத்துக்குக் கவசம் என்ற நம்பிக்கைக்கு அந்த முடிவு இடம் தரவில்லை.

அப்படியானால் நாங்கள் ஏன் இதை எழுதிக்கொடுக்கிறோம்? எலும்புக்காகவும் தசைக்காகவும்தான். அறுவையின்போது பிளக்கப்பட்ட மார்பெலும்பைக் கம்பியால் பிணைத்து அனுப்புகிறோம்; அது இறுகிச் சேர இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை கையை ஊன்றி எழக் கூடாது என்று இயன்முறை மருத்துவர் சொல்லியிருப்பார். கை உதவாத நிலையில் கட்டிலிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுவதற்குத் தொடைத் தசைகளே துணை. கடுமையான வைட்டமின் டி குறைபாடு முதலில் தளர்த்துவது அந்தத் தசைகளைத்தான். “நெஞ்சு வலி இல்லை, மூச்சும் வாங்கவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை” என்று ஒருவர் சொன்னால் நாங்கள் இதை நினைத்துப் பார்க்கிறோம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையாலும் தசைவலி வரலாம் என்பதால், நீங்களாகவே ஒன்றைக் காரணமாக முடிவு செய்து அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வெயிலில் நின்றால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நலமாக இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் காலை ஏழு மணியின் இதமான வெயிலில் இந்த வைட்டமினை உண்டாக்கும் புறஊதாக் கதிர் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அது போதிய அளவு கிடைக்கும். சன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். அறுவை முடிந்து சில வாரங்களே ஆனவரை, அதுவும் நீர் பிரியும் மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் எடுப்பவரை, சித்திரை மாதத்து நண்பகலில் மொட்டைமாடியில் நிறுத்துவது மயக்கத்துக்கே வழி. துடிப்பைச் சீராக்க அமியோடரோன் எடுப்பவர்களுக்கு வெயில் பட்டால் தோல் எளிதில் கன்றிப்போகும். புதுத் தழும்பும் வெயிலில் கருத்துவிடும். ஆகவே முதல் மாதங்களில் வெயிலைவிட மாத்திரையையே நாங்கள் விரும்புகிறோம்.

அந்த மாத்திரையில்தான் எங்கள் கவலையும் இருக்கிறது. நம் நாட்டில் பரவலாக எழுதிக்கொடுப்பது 60,000 யூனிட் கொண்ட கேப்சூல். வாரத்துக்கு ஒன்றே ஒன்று. வால்வு மாற்றிய ஒரு பெரியவர் ஆறு வாரம் கழித்து ஓயாத வாந்தியோடும் மலச்சிக்கலோடும் எங்களிடம் வந்தார். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், பேச்சிலும் சற்றுக் குழப்பம். இதயத்தில்தான் கோளாறு என்று அஞ்சி அழைத்து வந்தார்கள். இதயம் நன்றாகவே இருந்தது. இரத்தத்தில் கால்சியம் மிக உயர்ந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. மற்ற மாத்திரைகளோடு அந்தக் கேப்சூலையும் நாள்தோறும் காலையில் அவருடைய மகள் தவறாமல் கொடுத்து வந்திருக்கிறார். வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் தந்த சீட்டில் ‘வாரம் ஒரு முறை’ என்பது ஆங்கிலத்தில், பத்து மருந்துகளுக்கு நடுவே இருந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. இந்த வைட்டமின் கொழுப்பில் தங்குவதால் நிறுத்திய பின்னும் பல வாரங்கள் அதன் வேகம் அடங்கவில்லை, பிறகு தேறினார். அதன்பின் கிழமையின் பெயரையே தமிழில் எழுதித் தருகிறோம். உங்கள் சீட்டில் கிழமை இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

டிகாக்சின் எடுப்பவர்களுக்குக் கால்சியம் உயர்வது துடிப்பையே கெடுக்கும். தையசைடு வகை நீர் மாத்திரை கால்சியத்தைச் சிறுநீரில் போகவிடாமல் தேக்கும். சிறுநீரகக் கல் இருந்தவர்களும் எங்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செயற்கை வால்வு பொருத்திக்கொண்டு வார்ஃபரினோ அசெனோகுமரோலோ எடுப்பவர்கள், வைட்டமின் டி இரத்தம் உறையாமல் காக்கும் மருந்தை முறித்துவிடுமோ என்று அஞ்சுகின்றனர். முறிப்பது வைட்டமின் கே, டி அல்ல. ஆனால் கடைகளில் ‘எலும்புக்கு நல்லது’ என்று கிடைக்கும் கால்சியம் மாத்திரைகள் பலவற்றில் டி-யோடு கே-2 வைட்டமினும் சேர்ந்தே இருக்கிறது. அட்டையின் பின்புறத்தைப் படிக்காமல் அதை வாங்கி விழுங்கினால், சீராக இருந்த ஐ.என்.ஆர். அளவு சரிந்து வால்வில் இரத்தக்கட்டி உண்டாகலாம்.

உணவைப் பொறுத்தவரை மத்தி மீனிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் ஓரளவு உண்டு. பால் உறையில் ‘+எஃப்’ என்ற நீல முத்திரை இருந்தால் அதில் வைட்டமின் ஏ-யும் டி-யும் சேர்த்திருக்கிறார்கள். கொழுப்பு நீக்கிய பாலிலும் அந்த முத்திரையைத் தேடலாம். கேப்சூலை வெறும் வயிற்றில் போடாமல் மதிய உணவுக்குப் பின் எடுத்தால் நன்கு உட்கிரகிக்கும்.

மறுபடியும் இரத்தம் சோதிப்பது மூன்று மாதம் கழித்துத்தான். அதற்கு முன் சோதித்துச் செலவழிக்க வேண்டாம். அன்று வரும்போது சீட்டை மட்டும் கொண்டு வராமல், வீட்டில் எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், உறவினர் வாங்கித் தந்த சத்துமாவு டப்பா உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.