சீனாவுக்கு ஒரு வாரம் போதுமா?

கேள்வி: முதன்முறையாகக் குடும்பத்தோடு சீனா போகிறோம். கையில் ஏழு நாள். பெய்ஜிங், சியான், செங்டு, ஷாங்காய், குவாங்சோ எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: முடியாது. பெய்ஜிங், சியான், ஷாங்காய் மூன்றே போதும்.

பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய் 1,318 கிலோமீட்டர். வேகமான ரயில்கள் சுமார் நாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்கின்றன. சியானுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். சியானிலிருந்து ஷாங்காய்க்கு ஆறு மணி நேரம் ஆகும் என்பதால் அங்கே விமானம் மேல். பெய்ஜிங்கில் இறங்கி, ஷாங்காயில் திரும்பும் விமானம் ஏறுவதுபோல டிக்கெட் எடுத்தால் வந்த வழியே அலைய வேண்டாம்.

பெய்ஜிங்குக்கு மூன்று நாள் கொடுப்பது அவசியம். பெருஞ்சுவரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளும். பெரியவர்கள் உடன் வந்தால் கேபிள் கார் உள்ள முத்தியன்யு பகுதி வசதி. அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வழக்கமாகத் திங்கள் விடுமுறை. பாஸ்போர்ட் எண் தந்து முன்பதிவு செய்யாமல் போனால் வாசலோடு திரும்ப நேரும்.

சியானில் அவசரம் கூடவே கூடாது. 1974-இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்டெடுத்த சுடுமண் படை அங்கேதான் இருக்கிறது. முதல் குழியில் முன்வரிசை வீரர்கள் முழு உருவமாக நிற்பார்கள். பின்பக்கம், உடைந்த துண்டுகளைப் பொருத்தும் வேலை நடக்கும். முகத்துக்கு முகம் மீசையும் கொண்டையும் மாறுவதைப் பார்க்கவே அரை நாள் வேண்டும்.

பணத்துக்கு அலிபே செயலியில் சர்வதேச கார்டை ஊரிலேயே இணைத்துவிடுங்கள். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை. ரயிலில் இடம் கிடைப்பது அரிது. அந்த வாரத்தைத் தவிர்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.