நைனாவுக்கு என்ன வேலை?

என் கண்ணு செல்விக்கு,

காலேஜ் இன்டர்வியூவில் "வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?" என்றதற்கு "பிசினஸ்" என்றாயாமே. "என்ன பிசினஸ்?" என்று அடுத்த கேள்வி வந்ததும் முழித்தாயாம். உன் தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். அம்மாவை வேறு ஹவுஸ்ஒய்ஃப் ஆக்கிவிட்டாயாம்! விடியுமுன்னே காசிமேட்டு ஏலத்தில் நின்று விலை பேசுகிறவளாச்சே அவள். காதில் விழுந்தால் உனக்கு மூணு நாளைக்குச் சோறு கிடையாது.

திருவொற்றியூர் என்ஃபீல்டில் நான் ஃபிட்டராக இருந்தபோது உங்க அம்மாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. "என்ஃபீல்டு" என்பாள், டீச்சர் தலையாட்டிவிடுவார். கம்பெனி பேரே பதில் சொல்லிவிடும். உங்க நைனா போட்டுக்கு அப்படி ஒரு பேர் இல்லை. நீதான் வேலையை எடுத்துச் சொல்லணும்.

உனக்கு இங்கிலீஷ் வராமலா? சங்கதி தெரியலை, அவ்வளவுதான். கடலுக்குப் போனால் பத்து நாள் வரமாட்டார் என்பது மட்டும் தெரியும். டீசல் எவ்வளவு பிடிக்கும், ஐஸ் எத்தனை போகும், இருட்டில் எந்த இடத்தில் வலை விடணும் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார், செலவு போக ஆளுக்கு எவ்வளவு பங்கு? ஒருநாளாவது கேட்டாயா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு போகக்கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம். அப்போது வலை பின்னுவதும் இன்ஜின் பிரிப்பதும் தெருவிலேயே நடக்கிறது. நீ செல்போனைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகிறாய்.

இனிமேல் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதே. "ஹி இஸ் எ ஃபிஷர்மேன். ஹி ஒர்க்ஸ் ஆன் எ மெக்கனைஸ்டு போட்." குரலை இறக்காமல் சொல்லு, நிறுத்து. மிச்சத்தை அவர்களே ஆசையாகக் கேட்பார்கள். நம்ம ராயபுரம் எங்கே இருக்கு என்றால் அதற்கும் பதில் வைத்துக்கொள்: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் நம்ம ஸ்டேஷனிலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. (இதை நீயாக ஆரம்பிக்காதே. பீற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும்.)

நைனா வியாழக்கிழமை கரைக்கு வருகிறாராம். அசந்து தூங்கட்டும், எழுப்பாதே. சாயங்காலம் டீ கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முதலில் டீசல் கணக்கைக் கேள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு இங்கிலீஷிலேயே சொல்லணும், ஆமாம்.

உன் தாத்தா