குறைமாதப் பிள்ளையின் எலும்பு: பாட்டிமார்களுக்கு ஒரு பாடம்



பால்மரம் வெட்டியும், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியும் பிள்ளைகளை ஆளாக்கினோம். இன்று அந்தப் பிள்ளைகளில் பலர் சிங்கப்பூரில் குடும்பம் நடத்துகிறார்கள். உங்கள் மகளும் புக்கிட் பாத்தோக்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 28 வாரத்திலேயே அவளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு, இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறது.

சேதி கிடைத்ததும் என்ன செய்வீர்கள்? எண்ணெய்ப் புட்டியைக் கட்டிக்கொண்டு ஜொகூர்ப் பாலம் தாண்டி ஓடுவீர்கள். "நான் வந்து நாலு நாள் கால்ல போட்டு, கை காலை நல்லா உருவிக் குளிப்பாட்டினா தேறிடும்" என்பீர்கள். அந்தப் பாசத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த உருவலிலேயே பிள்ளையின் எலும்பு முறிந்து போகலாம். இது பயமுறுத்தும் பேச்சல்ல. ஏன் என்று பார்ப்போம்.

எலும்பு எப்போது உறுதியாகிறது?

37 வாரம் நிறையும் முன் பிறப்பது குறைமாதப் பிள்ளை. எலும்புக்கு உறுதி தருபவை சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸ் சத்தும். வயிற்றில் இருக்கும் பிள்ளை இவற்றில் பெரும்பங்கைக் கடைசி மூன்று மாதத்தில்தான் தாயிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, ஆனால் சிமெண்ட் லாரி இன்னும் வந்து சேரவில்லை என்றால் எப்படி? முந்திப் பிறந்த பிள்ளையின் நிலையும் அப்படித்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. வயிற்றுக்குள் பிள்ளை உதைப்பதை எல்லாத் தாய்மாரும் அறிவீர்கள். கருப்பைச் சுவரை எதிர்த்து உதைக்கிற ஒவ்வொரு உதையும் எலும்புக்குப் பயிற்சி. வேலை கொடுத்தால்தான் எலும்பு கெட்டிப்படும். கண்ணாடிப் பெட்டிக்குள் உதைப்பதற்குச் சுவரும் இல்லை, உதைக்கத் தெம்பும் இல்லை.

பிறக்கும்போது ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவான பிள்ளைகள், நெடுநாள் நரம்பு வழியாக உணவு ஏறிய பிள்ளைகள், நுரையீரல் கோளாறுக்காகச் சிறுநீர் மருந்தோ ஸ்டீராய்டு மருந்தோ வாங்கிய பிள்ளைகள் ஆகியோருக்கே இந்த எலும்புத் தேய்வு அதிகம் வருகிறது. வெளியில் எதுவும் தெரியாது. இரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் அளவையும், அல்கலைன் பாஸ்பட்டேஸ் அளவையும் பார்த்துத்தான் டாக்டர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

தாய்ப்பால் போதாதா?

தாய்ப்பாலுக்கு நிகர் இல்லை. நம்மவர்கள் தேக்கா என்று அழைக்கும் வட்டாரத்தை ஒட்டியிருக்கும் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் 2017-இல் தாய்ப்பால் வங்கியே தொடங்கினார்கள். தாய்க்குப் பால் போதாதபோது, மற்றத் தாய்மார் தானமாகத் தரும் பாலைக் குறைமாதப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக. ஆனாலும் மிகச் சிறிய பிள்ளையின் எலும்புக்கு வேண்டிய பாஸ்பரஸும் சுண்ணாம்பும் தனித் தாய்ப்பாலில் போதிய அளவு இல்லை. அதனால்தான் ஆஸ்பத்திரியில் தாய்ப்பாலோடு சத்துத்தூள் கலந்து புகட்டுகிறார்கள். "என் பால்ல என்னமோ குறை" என்று எந்தத் தாயும் மனம் வருந்த வேண்டாம். குறை பாலில் இல்லை; பிள்ளை அவசரப்பட்டு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கை கால் பயிற்சி

"அப்படியானா கை காலைத் தொடவே கூடாதா?" என்று கேட்பீர்கள். தொடலாம், ஆனால் முறை வேறு. 1995-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆய்வாளர்கள் 26 குறைமாதப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு மணிக்கட்டு, முழங்கை, தோள், கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகிய மூட்டுகளை மெல்ல மடக்கி, நீட்டி, இலேசாக அழுத்தம் கொடுத்தார்கள். நாளைக்கு 5 முதல் 10 நிமிடம், நான்கு வாரம். அந்தப் பிள்ளைகளுக்கு எடையும் எலும்புச் சத்தும் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடின.

2014-இல் இப்படிப்பட்ட 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், கொஞ்ச காலத்துக்குச் சிறு நன்மை தெரிகிறது. நெடுநாள் பலன் உறுதியாகவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் வழக்கமாகச் செய்யச் சான்று போதாது என்றார்கள். ஆகவே இது சத்துக்கு மாற்று அல்ல. உடல்நிலை தேறிய பிள்ளைக்கு, டாக்டர் சரி என்ற பிறகு, பிசியோதெரபி செய்பவர் கற்றுத் தந்தபடி மட்டுமே செய்ய வேண்டியது. அவர் தரும் அழுத்தம் மிக இலேசானது. நம் உருவலோ இழுப்பு. இரண்டும் ஒன்றல்ல.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. குளிப்பாட்டும்போது கை காலை இழுக்காதீர்கள், முறுக்காதீர்கள், நெஞ்சை அழுத்தாதீர்கள். காலில் போட்டு உருவுவதை டாக்டர் சொல்லும் வரை தள்ளி வையுங்கள்.

2. துணி மாற்றும்போது இரண்டு காலையும் பிடித்துத் தூக்க வேண்டாம். இடுப்புக்குக் கீழே கை கொடுத்துத் தூக்குங்கள். சட்டை போடும்போது கையைப் பிடித்து இழுக்காமல், சட்டைக் கையைப் பிள்ளையின் கைக்குக் கொண்டுபோங்கள்.

3. கொடுத்த சத்துத்தூள், வைட்டமின் டி சொட்டு ஆகியவற்றைச் சொன்ன அளவில், சொன்ன காலம் வரை கொடுங்கள். கைமருந்தாகச் சுண்ணாம்புத் தண்ணீர் வேண்டாம். "வெயில்ல காட்டினா போதும்" என்பதும் சரியல்ல. பாஸ்பரஸ் குறைவை வெயில் தீர்க்காது.

4. தாயும் பாட்டியும் பிள்ளையை மாரோடு அணைத்து வைத்திருங்கள். 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கிய கங்காரு முறை இதுதான். தொட்டுத் தடவ ஆசைப்படும் கைக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

5. ஒரு கையோ காலோ அசையவில்லை, வீங்கியிருக்கிறது, அதைத் தொட்டால் வீறிடுகிறது என்றால் எண்ணெய் தேய்த்துப் பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். சில முறிவுகள் அழுகை இல்லாமலும் வரும். ஆகவே பரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள். புக்கிட் பாத்தோக்கிலிருந்து கேகேவுக்கு ரயிலிலேயே போகலாம். நியூட்டனில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்குங்கள்.

தோட்டத்திலேயே பிள்ளை பெறுபவர்களுக்கும் இதே பாடம்தான். மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. குறைமாதத்தில் பெற்றவர்கள் அந்த நாட்களைப் பிள்ளையின் பரிசோதனைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கவலை வேண்டாம். சத்தும் காலமும் சேர்ந்தால் பெரும்பாலான பிள்ளைகளின் எலும்பு தேறிவிடும். அதுவரை பொறுமையாக இருங்கள். பாட்டிமார்களே, எண்ணெய்ப் புட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, பேரப்பிள்ளையை மாரில் அணையுங்கள். இந்தப் பக்கத்தைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் படித்துக் காட்டுங்கள்.