மங்கலுக்கு முதுமை காரணமன்று

ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் தேதி, தேசிய விஞ்ஞான தினத்தன்று, புனே ஜில்லாவில் நாராயண்காவுக்கு அருகிலுள்ள கோடத் கிராமத்து ரேடியோ தொலைநோக்கியைக் காண ஜனங்கள் திரளும்போதெல்லாம், நன்கு படித்தவர்களே என்னிடம் ஒப்பிக்கும் வதந்தி ஒன்றுண்டு: மங்கலாகத் தெரியும் நட்சத்திர மண்டலங்கள் யாவும் ஒரு காலத்தில் பிரகாசித்து, விருத்தாப்பியம் எய்தி, அணையும் தறுவாயில் இருப்பவையாம்! விளக்கு மங்கினால் எண்ணெய் தீர்ந்தது என்னும் வீட்டு அனுபவத்தை விசாரணையின்றி ஆகாயத்தின்மீது ஏற்றும் இப்பேச்சை இனியும் பொறுக்க என்னால் இயலாது.

எண்ணெய் தீரவில்லை, ஐயா! அகலில் நிற்க வேண்டிய எண்ணெயைத் தாம்பாளத்தில் பரப்பினாற்போல, பிறவியிலேயே மிகுந்த சுழற்சி வாய்த்த மண்டலத்தில் ஹைட்ரஜன் வாயு மையத்தில் திரளாமல் அகன்று மெலிந்துவிடுகிறது. மெலிந்த வாயு எளிதில் இறுகாது. இறுகாத வாயுவில் நட்சத்திரங்கள் மிக மந்தமாகவே ஜனிக்கும். 1986-இல் தற்செயலாகக் கண்டறியப்பட்ட, சுமார் 120 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மாலின் 1 என்னும் மண்டலத்தில் ஆயிரக்கணக்கான கோடி சூரியன்களின் நிறையளவு ஹைட்ரஜன் இன்னும் செலவாகாமல் கிடக்கிறது. நமது ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கியோ அதன் தட்டில் இளம் நட்சத்திரத் திட்டுகளையே காட்டியது. மூப்புக்கு இதுவா லக்ஷணம்?

சிறு மண்டலங்களில் நட்சத்திர வெடிப்புகள் வாயுவை வெளியே உந்த, ஈர்ப்புத் தளர்ந்து நட்சத்திரங்களும் விலகிப் பரவி, மண்டலம் மங்குவதுண்டு. 2015-இல் கோமா என்னும் மண்டலக் கொத்தில் கண்டறியப்பட்ட 47 மங்கல் மண்டலங்கள் சிவந்தும் வாயுவற்றும் இருப்பது மெய்யே. ஆயினும் அவை பெருவாழ்வு வாழ்ந்து ஓய்ந்தவையல்ல. பெரும்பாலும், கொத்தின் வெப்ப வாயுவினூடே விழுகையில் தம் வாயுவைப் பறிகொடுத்து, வளர வேண்டிய பருவத்திலேயே வளர்ச்சி நின்றவை.

மங்கலானது சிறியது என்பார், மாலின் 1 நம் பால்வீதியினும் பன்மடங்கு அகன்றதென்று அறிக. மங்கல் மண்டலங்களில் ஒளிராத கரும்பொருளே இல்லையென்பது, 2018-இல் ஓரிரு மண்டலங்களைப் பற்றி எழுந்த வாதத்தை எல்லாவற்றுக்கும் நீட்டிய பிழை.

இம்மண்டலங்களின் ஹைட்ரஜனை ரேடியோ வானியல் அறிவது அதன் 21 சென்டிமீட்டர் அலையால். மண்டலத்தின் தொலைவு மிக மிக அந்த அலை நீண்டு, கைப்பேசிகள் பேசும் எல்லைக்கே வந்துவிடுகிறது. கோடத் தொலைநோக்கியின் 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 கிண்ணங்களும் அந்த க்ஷீணமான குரலுக்காகவும் காத்திருக்கின்றன. ஆகவே கோடத் வருவோர் நாராயண்காவிலேயே கைப்பேசியை அணைத்துவிடுங்கள். அவ்வட்டாரத்தில் பொறி தெறித்து அக்குரலை மறைக்கும் மின்கம்பியைக் கண்டால் அன்றே மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள்.